வீட்டுக்கு சிசிடிவி: மாட்டுவதற்கு முன்னும் பின்னும் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் வீடுகளுக்கு சிசிடிவி மாட்டுவது எங்கள் தொழில். கடைக்குள் வருகிறவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "நாலு கேமரா செட் என்ன ரேட்?" ரேட் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். அடிக்கடி வருகிறவற்றை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். காம்பவுண்டு, கேட், போர்டிகோ, மொட்டை மாடி உள்ள தனி வீட்டை மனதில் வைத்து எழுதியது. அபார்ட்மென்ட்காரர்களும் வாடகை வீட்டுக்காரர்களும் சில இடங்களைத் தாண்டிப் போகலாம்.

எத்தனை கேமரா போட வேண்டும்?

எண்ணிக்கையை அப்புறம் பார்க்கலாம். திருடு போன மறுநாள் காலையில் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் என்ன படம் இருக்க வேண்டும்? வந்தவன் முகம் ஒன்று. எந்த வழியாக வந்தான், எந்தப் பக்கம் போனான் என்பது இன்னொன்று. முகத்துக்கு ஒரு கேமரா, வழிக்கு மற்றவை.

எங்கள் வழக்கம் இது: வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவோம். "சாவி இல்லை, நீங்களே உள்ளே போகணும், எப்படிப் போவீங்க?" என்று கேட்போம். முதலில் சிரிப்பார்கள். அப்புறம் அவர்களே காட்டுவார்கள்: பக்கத்துக் காலி மனை வழியாகச் சுவர் ஏறி, சந்துக்குள் இறங்கி, கொல்லைப்புறக் கதவு. அல்லது சன்ஷேடில் கால் வைத்து மொட்டை மாடி. முன் வாசலில் மூன்று கேமராவை மாட்டிவிட்டு, தாழ்ப்பாள் ஆடும் கொல்லைக் கதவைச் சும்மா விட்ட வீடுகள்தான் நான் பார்த்ததில் அதிகம். சாதாரணமாகக் கேட், போர்டிகோ, பக்கச் சந்து, கொல்லை என்று நான்கில் முடியும். மாடிப்படி வெளியே இருந்தால் ஐந்து. பதிவு செய்யும் பெட்டியில் ஒரு கேமராவுக்கு ஒரு சானல். நான்கு சானல் பெட்டியில் ஐந்தாவது கேமராவுக்கு இடம் இருக்காது, எனவே சந்தேகம் இருந்தால் எட்டு சானல் பெட்டியாகவே வாங்குங்கள்.

2 மெகாபிக்சல் போதுமா, 5 வேண்டுமா?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. கண்காணிப்புக் கேமராக்களுக்கு 2015-ல் வந்த ஐரோப்பியத் தரநிலை ஒன்று, தெரியாத ஒருவரை முகம் பார்த்து அடையாளம் சொல்ல ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் (படத்தின் மிகச் சிறிய புள்ளி) விழ வேண்டும் என்கிறது. ஏற்கெனவே தெரிந்த ஆளை 'இவன் இன்னான்' என்று சொல்ல 125 போதும். யாரோ ஒரு ஆள் நிற்கிறார் என்று மட்டும் தெரிய 25 போதும்.

2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 பிக்சல். கடையில் கொடுக்கும் கேமராக்களில் பாதிக்கு மேல் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ். அது ஏறக்குறைய 100 டிகிரி அகலத்தைப் பார்க்கும். கணக்குப் போட்டால் முகம் தெளிவாக விழும் தூரம் மூன்று மீட்டர் சொச்சம், அதாவது பத்து அடிதான்! பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் முகம் பதின்மூன்று பதினான்கு பிக்சல் அகலத்துக்குள் அடங்கிவிடும். அதை எவ்வளவு பெரிதாக்கினாலும் கட்டம் கட்டமாகத்தான் வரும், சினிமாவில் வருவது போல் துலங்கி வராது.

அதே 2 மெகாபிக்சலில் 6 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் பார்வை குறுகிச் சுமார் 50 டிகிரி ஆகும், முகம் எட்டு மீட்டர் வரை பிடிபடும். ஆனால் 2.8 லென்ஸோடு 4 மெகாபிக்சலுக்குப் போனால் நான்கு மீட்டர் சொச்சம்தான். மெகாபிக்சலை ஏற்றுவதைவிட லென்ஸைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில் லாபம் அதிகம் என்பது இதிலிருந்தே தெரியும். கேட்டுக்கு 6 அல்லது 3.6, மற்ற இடங்களுக்கு 2.8 என்று கலந்து கேளுங்கள். "எல்லாம் ஒரே மாதிரிதான் சார்" என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடை பாருங்கள். பணம் இருந்தால் கேட் கேமராவை மட்டும் 5 ஆக்குங்கள்.

வண்டி நம்பர் பிளேட் தனிக் கதை. ராத்திரியில் ஹெட்லைட் கண்ணைக் கூசும், இருட்டில் பார்க்கக் கேமராவே வீசும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பட்டு நம்பர் பிளேட் வெறும் வெள்ளைச் செவ்வகமாகிவிடும். தெருவில் போகும் வண்டி நம்பர் வேண்டுமென்றால் அதற்கென்றே ஒரு கேமரா வைத்து, ஷட்டர் வேகத்தை ஏற்றி, பிளேட் வரும் இடத்துக்கு மட்டும் குறி வைக்க வேண்டும். வீடுகளில் அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

எவ்வளவு உயரத்தில் மாட்டுவது?

முகம் பிடிக்கிற கேமரா எட்டு அடிக்கு மேல் போகக் கூடாது. "அண்ணே, கை எட்டாத உயரத்துல மாட்டுங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். முதல் மாடி சன்ஷேடுக்கு அடியில் மாட்டினால் கை எட்டாது, வாஸ்தவம். ஆனால் ஹெல்மெட்டும் தொப்பியும் தலைமுடி வகிடும்தான் பதிவாகும். கை எட்டும் என்ற பயம் இருந்தால் இன்னொரு கேமரா இதைப் பார்க்கும்படி எதிர் மூலையில் வையுங்கள். மற்ற கேமராக்கள் பத்து, பன்னிரண்டு அடியில் இருக்கலாம்.

டிவிஆர், என்விஆர், வைஃபை... எது நல்லது?

டிவிஆர் என்ற பதிவுப் பெட்டி பழைய வழி: கோஆக்சியல் கேபிளில் (கேபிள் டிவிக்கு வரும் வகை வயர்) படம் வரும், 12 வோல்ட் கரண்ட் தனியாகப் போகும். இதிலேயே இப்போது 5 மெகாபிக்சல் வரை சுலபமாகக் கிடைக்கிறது. எங்கள் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் இதுதான். ஒரு கேமரா போனால் எந்தக் கடையிலும் மாற்று கிடைக்கும், எந்த எலெக்ட்ரீஷியனுக்கும் வேலை தெரியும்.

என்விஆர் என்பது நெட்வொர்க் கேமராவுக்கான பெட்டி. ஒரே ஒரு கேட்6 (Cat6) நெட்வொர்க் கேபிளில் படமும் கரண்ட்டும் போகும், அதை பிஓஇ என்பார்கள். ஒரு கேபிள் நூறு மீட்டர் வரை இழுக்கலாம். மனித நடமாட்டத்தையும் நாய், மரக்கிளை ஆட்டத்தையும் பிரித்தறியும் வசதியும் இதில் நன்றாக வேலை செய்யும். விலை கூட. புதிதாக வீடு கட்டுகிறீர்கள் என்றால் யோசிக்காமல் இதற்குப் போங்கள். பூச்சு வேலைக்கு முன்னாலேயே கேமரா வரும் ஒவ்வொரு இடத்துக்கும் முக்கால் அங்குல பைப் புதைத்துவிடச் சொல்லுங்கள். பூசிய பிறகு சுவரை வெட்டச் சொன்னால் கொத்தனாருக்கும் கோபம், வீட்டம்மாவுக்கும் கோபம்.

வைஃபை கேமராவை நான் கெட்டது என்று சொல்ல மாட்டேன். வாடகை வீடு, அபார்ட்மென்ட் வாசல், ஒரே ஒரு இடம் என்றால் அதுவே போதும். ஆனால் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைதான் எடுக்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் திணறும். பதிவு உள்ளே இருக்கும் மெமரி கார்டில். கேமராவைக் கழற்றிக்கொண்டு போனால் பதிவும் அவனோடு போய்விடும். அதனால் கேட்டுக்கு வெளியே மட்டும் வேண்டாம். கார்டு வாங்கும்போது 'ஹை என்டியூரன்ஸ்' வகை வாங்குங்கள். போனில் போடுகிற சாதாரண கார்டு ஓயாமல் எழுதி எழுதிச் சீக்கிரம் செத்துவிடும்.

கேபிளில் என்ன வித்தியாசம்? எல்லாம் கறுப்பு வயர்தானே?

கேபிளில் காசு மிச்சம் பிடித்தவர்கள்தான் எங்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

டிவிஆருக்குப் போடுவது '3+1' கேபிள்: படத்துக்கு ஒரு கோஆக்சியல், கரண்ட்டுக்கு மூன்று மெல்லிய வயர்கள், எல்லாம் ஒரே உறைக்குள். தொண்ணூறு மீட்டர் சுருளாக விற்பார்கள். விலை குறைந்த சுருளில் வயர் முழுச் செம்பாக இருக்காது, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியிருப்பார்கள். பிளேடால் வயரைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். அதில் கரண்ட் தூரம் போகப் போக வோல்ட் இறங்கும்.

இறங்கினால் என்ன ஆகும் என்பதுதான் வேடிக்கை. உறையூரில் ஒரு வீடு. வேறு யாரோ மாட்டிய செட். பகலில் நான்கு கேமராவும் கண்ணாடி மாதிரி படம். இருட்டினால் கொல்லைப்புறக் கேமரா மட்டும் போய்ப் போய் வரும். வீட்டுக்காரர் இரண்டு கேமரா மாற்றிவிட்டார், இரண்டும் அப்படியே செய்தன. "அந்த இடமே சரியில்லை போல" என்று பூசணிக்காய் கட்டும் யோசனை வரை போய்விட்டார். விஷயம் இவ்வளவுதான்: பகலில் கேமரா இழுக்கும் கரண்ட் குறைவு. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரிய, கரண்ட் கூடுதலாக வேண்டும். நீளமான அலுமினிய வயரில் அதற்குள் வோல்ட் இறங்கிவிட, கேமரா அணையும். அணைந்ததும் இழுப்பு இல்லை, வோல்ட் ஏறும், திரும்ப உயிர் வரும். மறுபடி விளக்கு எரியும், மறுபடி அணையும். விடிய விடிய இதே. மீட்டரை வைத்துப் பார்த்தால் 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் விளக்கு எரியும்போது 9 சொச்சம். நல்ல செம்பு வயர் இழுத்தோம், சரியாகிவிட்டது. கழற்றிய இரண்டு கேமராவும் நன்றாகத்தான் இருந்தன.

வெளியில் போகும் கேபிளைப் பைப்புக்குள் விடுங்கள், அணில் கடிக்கும். கேமராவின் பின்னால் வரும் இணைப்புகளை வெறும் டேப் சுற்றித் தொங்கவிடாமல் ஜங்ஷன் பாக்ஸுக்குள் வையுங்கள். பாக்ஸுக்குள் வயர் நுழையும் ஓட்டை கீழ்ப்பக்கம் இருக்கட்டும், வயர் ஒரு வளைவு கீழே தொங்கி மேலேறட்டும். மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கேமராவில் ஐபி66, ஐபி67 என்று (தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான குறி) எழுதியிருப்பது கேமராவின் உடம்புக்குத்தான், பின்னால் தொங்கும் இணைப்புப் பின்னுக்கு அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்தப் பின் துருப்பிடித்ததுதான்.

ராத்திரியில் படம் வெள்ளையாக, புகை மூட்டமாக இருக்கிறதே?

முதலில் ஒட்டடையைப் பாருங்கள். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். லென்ஸுக்கு முன்னால் ஒரே ஒரு இழை இருந்தாலும் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுக் கயிறு மாதிரி பளபளக்கும். அடுத்து, கேமராவுக்குப் பக்கத்தில் வெள்ளைச் சுவரோ சன்ஷேடின் அடிப்பாகமோ இருக்கிறதா என்று பாருங்கள். அதில் பட்டுத் திரும்பும் ஒளியில் கேமரா 'வெளிச்சம் அதிகம்' என்று நினைத்துத் தன்னைக் குறைத்துக்கொள்ளும், கேட் பக்கம் இருண்டுவிடும். ஓர் அடி முன்னுக்குத் தள்ளி மாட்டினால் தீரும். டோம் (கவிழ்த்த கிண்ணம் போன்ற) வகையில் கண்ணாடிக் கூட்டைத் துடைக்கும்போது பட்ட கைரேகையும் இதே வேலையைச் செய்யும்.

ராத்திரியிலும் கலர் வேண்டுமென்றால் வெள்ளை விளக்கு உள்ள கேமரா இருக்கிறது. சட்டை நிறம், வண்டி நிறம் சொல்ல அது உதவும். பூச்சித் தொல்லை இரட்டிப்பாகும். என்னைக் கேட்டால் போர்டிகோவில் ஒரு 9 வாட் எல்ஈடி பல்பை விடிய விடிய எரியவிடுங்கள் என்பேன். கேமராவுக்கும் நல்லது, திருடனுக்கும் பிடிக்காது.

எத்தனை நாள் பதிவு இருக்கும்?

நீங்களே போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஒரு நாள் முழுக்கப் பதிந்தால் 10.8 ஜிபி. எச்.265 என்ற, வீடியோவைச் சுருக்கும் முறையில் 2 மெகாபிக்சல் கேமராவுக்கு 2 மெகாபிட் வைக்கலாம். நான்கு கேமராவுக்கு 8 மெகாபிட், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 86 ஜிபி. 1 டிபி டிஸ்க்கில் பதினொரு நாள், 2 டிபியில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று நாள். பழைய எச்.264 என்றால் இதில் பாதி. அசைவு வரும்போது மட்டும் பதியும்படி வைத்தால் நாள் கூடும். ஆனால் மரமும் தெருநாயும் உள்ள வாசலில் அசைவு எப்போது இல்லை? நான் முழு நேரப் பதிவையே வைத்துவிடுவேன்.

கல்யாணத்துக்கோ திருப்பதிக்கோ பத்து நாள் போகிற வீடு என்றால் 2 டிபி. டிஸ்க் கண்காணிப்புக்கென்று வரும் வகையாக இருக்கட்டும். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய டிஸ்க் வேண்டாம்.

கரண்ட் போனால்?

நான்கு கேமரா, டிவிஆர், டிஸ்க் எல்லாம் சேர்ந்து நாற்பது வாட் பக்கம்தான் இழுக்கும். பழைய மாடல் சீலிங் ஃபேன் ஒன்று இதைவிட அதிகம் குடிக்கும். இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுங்கள், ரூட்டரையும் சேர்த்து. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்தக் கண நேரத்தில் டிவிஆர் அணைந்து திரும்பத் தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதை யுபிஎஸ் பக்கம் தள்ளினால் போதும். மெயின் பெட்டி வீட்டுக்கு வெளியே பூட்டில்லாமல் இருந்தால், திருட வருகிறவன் முதலில் அதைத்தான் அணைப்பான். அதனால்தான் இன்வெர்ட்டரை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

இடிதான் பெரிய எதிரி. பக்கத்தில் எங்காவது இறங்கினாலும் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஓடும் நீளமான கேபிள் வழியாக வந்து டிவிஆரின் போர்ட்டைத் தின்றுவிடும். பிளக்கைப் பிடுங்கி வைத்தாலும் கேமரா வயர் இணைந்திருந்தால் தப்பாது. மாடியில் கம்பி நட்டு அதன் உச்சியில் கேமரா வைக்காதீர்கள். மூன்று பின் சாக்கெட்டில் எர்த் நிஜமாகவே இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிவிஆர் பெட்டியை எங்கே வைப்பது?

டிவிக்குக் கீழே வேண்டாம். உள்ளே வந்தவன் கண்ணில் முதலில் படும் இடம் அது, போகும்போது எடுத்துக்கொண்டு போய்விடுவான். படுக்கையறைப் பரண் நல்ல இடம், ஆனால் காற்று வேண்டும். பழைய துணி மூட்டைக்குள் புதைத்து வைத்து, சித்திரை வெயிலில் டிஸ்க் வெந்து போன வீடு உண்டு.

போனில் பார்க்கும்போது வேறு யாராவது பார்த்துவிட மாட்டார்களா?

பார்க்க முடியும், நீங்கள் கதவைத் திறந்து வைத்தால். 2016 அக்டோபரில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. அந்தத் தளங்களின் இணைய முகவரியைத் தேடித் தரும் டைன் (Dyn) என்ற நிறுவனத்தின் மீது மிராய் என்ற தீநிரல் நடத்திய தாக்குதல் அது. தாக்குதலுக்கு அது பயன்படுத்தியது உலகம் முழுக்க வீடுகளில் கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும்தான். தொழிற்சாலையிலிருந்து வந்த பெயரையும் பாஸ்வேர்டையும் யாரும் மாற்றவில்லை. அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தே உள்ளே நுழைந்துவிட்டது.

ஆகவே: மாட்ட வந்தவர் கிளம்புவதற்கு முன் அட்மின் பாஸ்வேர்டை நீங்களே உங்கள் கையால் மாற்றுங்கள். ஆப்பில் கணக்கு உங்கள் மொபைல் எண்ணில் இருக்கட்டும், அவர் எண்ணில் அல்ல. இதைச் சொல்வதால் சக தொழில்காரர்கள் என்னைத் திட்டுவார்கள். ஆனால் "நானே வச்சுக்கிறேன் சார், உங்களுக்கு மறந்துடும்" என்று சொல்லி ஐம்பது வீட்டுக் கணக்கைத் தன் போனில் வைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து நேராகப் பெட்டிக்கு வரும் வழி) திறந்துவிடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், கியூஆர் கோடு ஸ்கேன் செய்து சேர்ப்பதே போதும். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதிப் பீரோவில் வையுங்கள். மறந்துபோனால் பெட்டியை ரீசெட் செய்வது ஒரு நாள் வேலை.

எந்த கம்பெனி வாங்கலாம்?

கம்பெனி பெயர் சொல்லப் போவதில்லை. ஒன்றைப் பாருங்கள்: மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் ஓர் அறிவிக்கை கொண்டுவந்தது. அதன்படி 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் விற்க வரும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும். எஸ்டிகியூசி சான்று என்று கடைகளில் சொல்வது இதைத்தான். பில்லில் மாடல் எண்ணை முழுதாக எழுதி வாங்குங்கள், அந்த மாடலுக்குச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடுகிற காலம் இது.

பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். என்ன செய்வது?

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறதா என்று முதலில் உங்கள் திரையைப் பாருங்கள். அவர் வீட்டு ஜன்னல், குளியலறைக் கதவு, துணி காயும் மாடி தெரிகிறதா? தெரிந்தால் கேமராவைத் திருப்புங்கள். திருப்ப முடியாவிட்டால் டிவிஆர் அமைப்பில் 'பிரைவசி மாஸ்க்' இருக்கிறது, அந்த இடத்தைக் கறுப்புக் கட்டமாக மறைத்துவிடலாம். மறைத்ததை அவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். பாதிச் சண்டை அதிலேயே முடியும். ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை அவருக்குத் தெரியாமல் படமெடுப்பது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 77-ன்படி குற்றம், முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. 'பாதுகாப்புக்குத்தான் வச்சேன்' என்பது அங்கே செல்லாது.

வீட்டுக்குள் போடலாமா? மகன் அமெரிக்காவில் இருக்கிறார், எங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் ஹாலில் மாட்டப் போனபோது அந்த அம்மா கேட்டார்: "ஏன் தம்பி, இதை மாட்டிட்டா நான் இந்த ஊஞ்சல்ல காலை நீட்டிப் படுத்துக்க முடியுமா?" மகன் வீடியோ காலில் இருந்தார். யாரும் பேசவில்லை. கடைசியில் ஹாலுக்கு வேண்டாம், வாசலுக்கும் கொல்லைக்கும் போதும் என்று முடிவானது. அந்த அம்மாவுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசர பட்டன் ஒன்று மகன் வாங்கிக் கொடுத்தார். அதை அவர் சாமி படத்தில் மாட்டி வைத்திருக்கிறார், அது வேறு.

கூட்டுக் குடும்பத்தில் இது வழக்கு வரை போன விஷயம். அண்ணன் தம்பி சேர்ந்து வாழும் வீட்டின் குடியிருப்புப் பகுதிக்குள், உடன் வசிப்பவரின் சம்மதம் இல்லாமல் கேமரா இயக்கக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025-ல் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. உள்ளே போட்டே ஆக வேண்டுமென்றால் எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போடுங்கள், வீட்டு வேலைக்கு வருகிறவருக்கும் சேர்த்து. மைக்கை அணைத்து வையுங்கள்.

திருட்டு நடந்துவிட்டது. பதிவை என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை, அந்த நேரத்துப் பதிவை ஒரு பென் டிரைவில் எடுப்பது. டிஸ்க் நிறைந்தால் பழையது அழிந்துகொண்டே வரும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் சேர்த்து எடுங்கள். முந்தைய இரண்டு மூன்று நாள் பதிவையும் எடுங்கள், தெருவில் சும்மா நின்று நோட்டம் பார்த்தவன் அதில் இருக்கக்கூடும். திரையைப் போனால் படமெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுவது ஊருக்குச் செய்தி, வழக்குக்குப் பயன் குறைவு. அதில் படத்தின் தரம் அழுந்திவிடும்.

2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தில் மின்னணுப் பதிவுகளுக்கான 65பி போய், பாரதிய சாக்ஷிய அதிநியம் பிரிவு 63 வந்திருக்கிறது. பதிவின் நகலைக் கோர்ட்டில் வைக்க ஒரு சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியைக் கருவியை வைத்திருந்தவர் தர வேண்டும், இன்னொரு பகுதியை நிபுணர் தர வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் அதில் வரும். போலீஸ் சொல்லித் தருவார்கள். பெட்டியையே கொண்டுபோனால் என்ன எடுத்தார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நேரம்! எத்தனையோ பெட்டிகள் சீன நேரத்தை வைத்துக்கொண்டு வருகின்றன. நம்முடைய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால். ராத்திரி 2.10-க்குச் சுவர் ஏறியவன் திரையில் 4.40-க்கு ஏறுவான். பால்காரர் வரும் நேரம் அது. சந்தேகம் யார் மேல் போகும் என்று யோசித்துப் பாருங்கள். அமைப்பில் நேர மண்டலம் 5.30 என்று இருக்கிறதா, திரையில் ஓடும் நேரமும் உங்கள் போன் நேரமும் ஒன்றா என்று இன்றைக்கே பாருங்கள். கரண்ட் போய் வந்தால் நேரம் 2000-ஆம் ஆண்டுக்கோ வேறெங்கோ தாவினால், உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. சின்னச் செலவுதான்.

டம்மி கேமரா மாட்டினால் பயப்பட மாட்டார்களா?

திருஷ்டிப் பொம்மை மாட்டுவதற்குச் சமம். சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்று எரிந்தாலே டம்மி என்று இப்போது சின்னப் பையனுக்கும் தெரியும்.

தோட்டத்தில் மோட்டார் வயரை அறுக்கிறார்கள். அங்கே கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை.

சிம் கார்டு போட்ட சோலார் கேமரா இருக்கிறது. ஒன்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்: பேட்டரியை மிச்சம் பிடிக்க அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருக்கும், உடம்புச் சூட்டை உணர்ந்தால்தான் விழிக்கும். விழிப்பதற்குள் முதல் ஓரிரு நொடி போய்விடும். அதனால் மோட்டார் கொட்டகையைப் பார்த்து வைக்காமல், கொட்டகைக்கு வரும் வரப்பைப் பார்த்து வையுங்கள். வாங்குவதற்கு முன் அந்த இடத்தில் போய் நின்று எந்த சிம்முக்கு சிக்னல் வருகிறது என்று பாருங்கள்.

கொட்டேஷனில் என்னென்ன இருக்க வேண்டும்?

கேமரா ஒவ்வொன்றின் மாடலும் லென்ஸும், பெட்டியின் சானல் எண்ணிக்கை, டிஸ்க்கின் அளவும் வகையும், கேபிள் செம்பா என்பதும் மீட்டருக்கு என்ன விலை என்பதும், பவர் சப்ளை, ஜங்ஷன் பாக்ஸ், பைப், கூலி. 'நாலு கேமரா முழு செட் இவ்வளவு' என்று ஒற்றை வரியில் வந்தால் கேபிளில்தான் கை வைத்திருப்பார்கள். வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன் இருட்டும் வரை காத்திருங்கள். எங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான், ஆனாலும் ராத்திரிப் படத்தைப் பார்த்துவிட்டே கொடுங்கள்.

மாட்டிய பிறகு பராமரிப்பு ஏதாவது உண்டா?

உண்டு, யாரும் செய்வதில்லை. ஒரு வீட்டில் பைக் போனது. டிவியில் நான்கு படமும் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தன, அதனால் எல்லாம் சரி என்று நினைத்திருந்தார்கள். பின்னோக்கிப் பார்க்கப் போனால் ஒன்றுமே இல்லை, டிஸ்க் செத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பெட்டி ஆரம்பத்தில் பீப் பீப் என்று கத்தியிருக்கிறது. சத்தம் தாங்காமல் யாரோ பஸ்ஸரை அணைத்திருக்கிறார்கள்.

மாதம் ஒரு முறை, ஒன்றாம் தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள், நேற்று ராத்திரி மூன்று மணிப் பதிவைத் திறந்து ஒவ்வொரு கேமராவிலும் ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஒட்டடைக் கம்பால் கேமராவைச் சுற்றித் தட்டுங்கள், லென்ஸில் படாமல். கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றினால் போதும். சிலந்தி வராமல் இருக்க லென்ஸைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவச் சொல்லி ஒரு வைத்தியம் உலவுகிறது. அதைச் செய்த கேமரா ஒன்று எங்கள் கடையில் மேஜை மேல் கிடக்கிறது, கண்ணாடி மங்கி, கண்புரை விழுந்த கண் மாதிரி. சந்தேகம் இருந்தால் வந்து பாருங்கள்.